உடுவிலும் உயிர்நூற் கல்வியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர், இணுவிலைக் கடந்து மருதனார்மடச் சந்தியை அணுகும்போது இருமருங்கும் செம்மண் தோட்டங்களைக் காண்பர். வாழையும் வெங்காயமும் புகையிலையும் மாறி மாறி விளையும் மண் அது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அக்குடாநாட்டில், சுண்ணக்கல்லைத் தோண்டி இறக்கிய கிணறுகளே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். அச்சந்தியை அடுத்துள்ள பழைய ஊர்தான் உடுவில்.

பெண்கல்வி வரலாற்றில் உடுவிலின் பெயர் நன்கு பதிந்துள்ளது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்சிலோ அம்மையார் 1824ஆம் ஆண்டில் அங்கே பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1840 முதல் 1879 வரை எலைசா அக்னியூ அம்மையார் அதனை நடத்தினார். ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்றாகிய அது இன்று உடுவில் மகளிர் கல்லூரியாக விளங்குகின்றது. ஆனால், உயிர்களின் இயல்பை ஆராயும் கல்வி யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட வரலாற்றிலும் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. அவ்விடம் ஆய்வுகூடத்தால் வந்ததன்று, அகராதியால் வந்தது.

நல்லூரிலே பணியாற்றிய ஜோசப் நைற் பாதிரியார் தொடங்கிவைத்த சொற்றிரட்டு, 1838இல் அவர் மறைந்தபின் அமெரிக்க மிஷனாரின் கைக்கு வந்தது. 1833 முதல் உடுவிலில் வாழ்ந்து, 1873இல் அங்கேயே உயிர்நீத்த லெவி ஸ்போல்டிங் பாதிரியார் அதனை மேற்கொண்டார். உடுவிலைச் சேர்ந்த சந்திரசேகர பண்டிதரும், சரவணமுத்துப்பிள்ளை என்பாரும் சேர்ந்து தொகுத்த தமிழ் அகராதி 1842இல் மானிப்பாய் அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்ட அந்நூல் மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் வழங்கப்படும். முன்னர் உடுவிலில் வாழ்ந்த மைரன் வின்சிலோ பாதிரியார் பின்பு சென்னைக்குச் சென்று, 1862இல் 67,000க்கும் மேற்பட்ட சொற்களையுடைய தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதற்கும் நைற்றின் திரட்டே அடிப்படை. ஒரு சிற்றூரைச் சுற்றி இத்துணைச் சொல்வேட்டை நிகழ்ந்தது வியப்புக்குரியது. அவ்வேட்டையில் கிடைத்தவை வேதநூல் மொழிபெயர்ப்புக்கு மட்டுமன்றி, வேறொரு பணிக்கும் வேண்டியிருந்தன என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று.

அப்பணி தொடங்கிய களத்தை அறிதற்கு வட்டுக்கோட்டைக்குச் செல்லல் வேண்டும். 1823இல் அங்கே நிறுவப்பெற்ற செமினரி, பெயரளவிற் பல்கலைக்கழகம் அன்று. எனினும் 1840களில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் அதன் பாடங்களைக் கண்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது என மதித்தெழுதினார். அது வெறும் முகமன் அன்று. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நடத்திய பட்டப் பரீட்சையில் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்களே.

அச்செமினரியின் சிறப்பு, நூலிற் படித்ததைக் கண்ணாற் கண்டு சோதிக்கும் பழக்கத்தை மாணாக்கருக்கு ஊட்டியமையாகும். 1829இல் ஒரு சந்திரகிரகணத்தைக் குறித்துப் பஞ்சாங்கக் கணிதமும் செமினரியின் கணிதமும் வேறுபட்டபோது, வாதத்தை வானத்தைப் பார்த்தே தீர்த்தனர். வானநூலில் இது எளிது. கிரகணம் குறித்த வேளைக்குத் தானே வந்துவிடும். உடம்பின் உள்ளே நிகழ்வது அவ்வாறு வெளிப்பட்டு வருவதில்லை. செமினரியில் மருத்துவராகவும் ஆசிரியராகவும் இருந்த நேதன் வார்ட், மாணாக்கர் சிலருக்கு உடற்கூறும் மருத்துவமும் கற்பித்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசச்சூசற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தவர். அவருடைய தமையனாகிய அன்ட்றூ கிறீன், நியூயோர்க் நகரின் பெரும் பூங்காவை உருவாக்குவதிலும் அந்நகரை விரிவாக்குவதிலும் முன்னின்று பெரும்புகழ் பெற்றார். தம்பியோ உடுவிலிலிருந்து ஒரு காலைநடைத் தொலைவிலுள்ள மானிப்பாயை 1848இல் தம் இருப்பிடமாகக் கொண்டு, நோயாளரைப் பார்த்துக்கொண்டே மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டார். முற்பகலில் மருந்துச்சாலையில் நோயாளர் வரிசை; பிற்பகலில் வகுப்பு. மாணாக்கர் தொகை மிகச் சிறிது. ஒரு மேசையைச் சுற்றி அமரத்தக்க அத்தொகையே அவ்வகுப்பின் வலிமையாயிற்று எனலாம். அங்கே எவரும் பின்வரிசையில் ஒளிந்திருத்தல் இயலாது.

முதலிற் கற்பித்தது ஆங்கிலத்தில். ஆனால் கிறீன் வெகுவிரைவிலேயே தமிழில் நூல் ஆக்கும் முயற்சியில் இறங்கினார். கல்வின் கற்றர் என்னும் அமெரிக்கர் எழுதிய உடல்நூல், அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயரோடு 1852இல் தமிழில் வந்தது. அங்காதிபாதம் உடற்கூற்றைக் குறிக்கும். சுகரணவாதம் உறுப்புகளின் தொழிலைக் குறிக்கும். உற்பாலனம் உடலைப் பேணுதலைக் குறிக்கும். இக்காலச் செவிக்கு அப்பெயர் சற்றுக் கரடாகத் தோன்றலாம். பாதாதிகேசம் பாடிப் பழகிய அக்காலத்தவர்க்கு அங்காதிபாதம் அந்நியமாய் ஒலித்திராது. 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் கிறேயின் பெருநூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம், அதே ஆண்டில் வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் என நூல்கள் தொடர்ந்தன. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. இலண்டனில் கிறேயின் நூல் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் வந்துவிட்டது.

இப்பக்கங்களைக் கிறீன் ஒருவரே எழுதிக் குவித்தார் என்று கருதுவது தவறு. மொழிபெயர்ப்பில் அவரோடு உழைத்தவர்கள் டன்வதர், சாப்மன் முதலிய அவருடைய மாணாக்கர்களே. பெயரைக் கேட்டு இவர்களை அமெரிக்கர் என்று எண்ணிவிடலாகாது. மிஷன் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரியின் பெயரை அப்பிள்ளைக்கு இட்டு வழங்கும் வழக்கம் இருந்தது. உடுவிற் பெண்பிள்ளைகளும் அவ்வாறே பெயர் பெற்றனர். டன்வதரும் சாப்மனும் யாழ்ப்பாணத்துத் தமிழர். மாணாக்கர் மொழிபெயர்ப்பர், கிறீன் மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவார், அதன்பின் அச்சுக்குச் செல்லும். கற்பவனே நூலை ஆக்குபவனாகவும் அமைந்த வகுப்பு அது.

இதனை ஆராய்ச்சி என்று சொல்வது பொருந்துமா? பொருந்தும் என்பதற்கு ஒரு சொல்லே போதிய சான்று. நரம்பு என்பது தமிழில் எல்லோரும் அறிந்த சொல். வைத்தியர் கையைப் பிடித்துப் பார்ப்பதும் நரம்பு. கழுத்திற் புடைத்து நிற்பதும் நரம்பு. குதிகாலில் இழுத்துப் பிடிப்பதும் நரம்பு. வீணையிற் கட்டியதும் நரம்பு. உடற்கூறு எழுதப் புகுந்தவனுக்கு இச்சொல்லை அப்படியே கையாளுதல் இயலாது. இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய் வேறு. அதனை இருதயத்துக்கு மீட்டுவரும் குழாய் வேறு. உணர்ச்சியைக் கடத்தும் இழை வேறு. தசையை எலும்போடு பிணைக்கும் நாண் வேறு. முதற்குழாயின் சுவர் தடித்தது. அறுத்தாலும் வாய் திறந்தே நிற்கும். இரண்டாவதன் சுவர் மெல்லியது. இரத்தம் பின்னோக்கிப் பாயாதவாறு தடுக்கும் வால்வுகள் அதனுள் உண்டு. மூன்றாவது உள்ளே துளையற்ற வெண்ணிற இழை. இவற்றுக்குத் தனித்தனிப் பெயர் இடுவதாயின், முதலில் அவற்றைத் தனித்தனியே பார்த்திருத்தல் வேண்டும். ஆங்கில நூலை உருவேற்றிய மாணாக்கன் மூன்று சொற்களை மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்புவித்துவிடலாம். தமிழ்ச்சொல் தேடும் மாணாக்கனுக்கு அந்த ஒளிவு இல்லை. இன்று இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நாடி, நாளம், நரம்பு என மூன்றையும் ஐயமின்றிப் பிரித்து வழங்குகின்றன. தமிழ்நாட்டிலே நாடியைத் தமனி என்றும் நாளத்தைச் சிரை என்றும் சொல்வர்.

சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். ஏற்ற சொல் தமிழில் இருப்பின் அதனையே கொள்வது; இல்லையேல் வடமொழியை நாடுவது; அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. கெமிஸ்தம் இம்மூன்றாம் வழியில் வந்த சொல். அது நிலைக்கவில்லை. இலங்கையில் இரசாயனவியலும் தமிழ்நாட்டில் வேதியியலும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தமிழ் மரபில் மருத்துவச் சொற்களுக்குக் குறைவு இருந்ததென்று இதனாற் கொள்ள வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் நோய்ப்பெயரும் மருந்துப்பெயரும் நிறைந்த நூல்கள். அகராதிகளோ மானிப்பாயிலேயே அச்சானவை. குறை இருந்தது நுண்ணுறுப்புகளின் பெயரில். காணாத ஒன்றுக்கு எந்த மொழியும் பெயர் வைத்திராது. 1870களில் கிறீன் தாம் திரட்டிய கலைச்சொற்களைத் தனித் தொகுதிகளாகவும் வெளியிட்டார்.

வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலம் கற்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போய்விடுகின்றனர் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த மேலாளர் கூறிய காரணங்களுள் ஒன்று. கிறீனும் ஏறத்தாழ அதே கவலையைக் கொண்டிருந்தார். ஆனால் அவர் கண்ட மருந்து வேறு. 1857இல் ஓய்வுக்காகத் தாயகம் சென்று, 1862இல் மீண்டு வந்தபின், 1864இலே தமிழ்மூலம் மருத்துவம் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்திற் படித்தவன் சம்பளத்தைத் தேடி ஊரைவிட்டுப் போவான். தமிழிற் படித்தவன் ஊரிலே தங்கி ஊராரைப் பேணுவான் என்பது அவர் கணிப்பு. தம் மாணாக்கர் தொப்பியும் கோட்டும் அணிந்து ஐரோப்பியராக மாறுவதையும் அவர் விரும்பவில்லை. ஆங்கிலத்திலும் தமிழிலுமாக அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

அக்கணிப்பின் மறுபக்கத்தையும் சொல்லல் வேண்டும். ஊரிலே தங்குக என்று ஒருவனுக்கு விதிப்பது, உயரும் வழியை அடைப்பதாகவும் முடியலாம். 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அங்கே ஆங்கிலத்திற் கற்றவர்க்கு உத்தியோகமும் மதிப்பும் காத்திருந்தன. தமிழிற் கற்றவர்க்கு ஊராரின் நன்றியே ஊதியம். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் எதனைத் தெரிந்தனர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களைப் பழிப்பதும் நேர்மையன்று. 1873இல் உடல்நலம் குன்றிக் கிறீன் அமெரிக்கா திரும்பினார். வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தி வந்தார். மனுஷ சுகரணம் அவ்வாறு முடிந்தது. 1884இல் அவர் மறைந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்னும் பொருள்பட அவருடைய கல்லறையில் எழுதப்பட்டுள்ளது. இங்கே மானிப்பாய் வகுப்பு தேய்ந்து போயிற்று. நூல்கள் எஞ்சின, அவற்றைப் படிப்பதற்கு மாணாக்கர் எஞ்சவில்லை.

அடுத்த முக்கால் நூற்றாண்டை விரைந்து கடந்துவிடலாம். செமினரி இருந்த இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பட்டம் வேண்டியவர் முதலில் இந்தியப் பல்கலைக்கழகங்களையும் பின்னர் இலண்டனையும் நோக்கினர். கொழும்பில் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. தாவரவியலும் விலங்கியலும் அங்கே முறையான துறைகளாயின. உடுவிலிலும் வட்டுக்கோட்டையிலும் படித்த பிள்ளைகள் பலர் அங்கே சென்றனர். கற்றது ஆங்கிலத்தில். தமிழிற் சொல்லாக்கம் மட்டும் முற்றாக அறுந்துவிடவில்லை. 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு ஈழத்து விபுலாநந்த அடிகளே தலைமை தாங்கினார். 1950களிலும் 1960களிலும் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் அறிவியல் துறைகளுக்கெல்லாம் தமிழ்க் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழுக்கு வந்தது.

1974 ஒக்ரோபரில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். தலைமையகம் திருநெல்வேலியில் அமைந்தது. விஞ்ஞான பீடமோ முதலில் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இயங்கிய கட்டடங்களிலேயே தொடங்கியது. நேதன் வார்ட் உடற்கூறு கற்பித்த அதே வளவில், நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின் உயிரியல் மாணாக்கர் நுணுக்குக்காட்டியைக் குனிந்து பார்த்தனர். 1978இல் அப்பீடம் திருநெல்வேலிக்கு மாறியது. 1979 முதல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

தாவரவியல், விலங்கியல் ஆகிய துறைகளிற் சிறப்புப் பட்டம் பயில்வோர் இறுதியாண்டில் ஓர் ஆய்வைத் தாமே செய்து அறிக்கை எழுதுதல் வேண்டும். அதுவரை பிறர் கண்டதைப் படித்த மாணவர், விடை எந்த நூலிலும் இல்லாத ஒரு வினாவை அப்போதுதான் முதன்முறையாக எதிர்கொள்வர். வினாக்களுக்கு அக்குடாநாட்டிற் பஞ்சமில்லை. முற்றத்துப் பனை, தோட்டத்துப் பூச்சி, களப்பின் இறால், உப்பேறும் கிணறு எல்லாமே வினாக்கள். பஞ்சம் வேறிடத்தில் இருந்தது. 1990 முதல் ஆறாண்டளவு குடாநாட்டுக்குப் பொது மின்சாரம் இல்லை. குளிரூட்டியும் அடைகாப்பானும் இன்றி நுண்ணுயிரை வளர்ப்பது எத்தகைய பாடு என்பதை அத்துறையினர் அறிவர். 1995 ஒக்ரோபர் இறுதியில் உடுவிலும் மானிப்பாயும் திருநெல்வேலியும் உள்ளிட்ட வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டில் மீண்டு வந்தது.

அவ்வாறு மீண்ட விலங்கியல் துறையிலிருந்து வந்த ஓர் ஆய்வு உலகின் கவனத்தைப் பெற்றது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு தெளிந்த நன்னீரிலேயே முட்டையிடும் என்பது பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த செய்தி. பேராசிரியர் சி. நோபிள் சுரேந்திரன், பேராசிரியர் ரஞ்சன் இராமசாமி முதலியோர் 2011இலும் 2012இலும் வெளியிட்ட கட்டுரைகள் அச்செய்தியை மாற்றின. ஆயிரம் பங்கில் அரைப்பங்குக்கு மேற்பட்டு முப்பது பங்குக்கு உட்பட்ட உப்புள்ள நீரை உவர்நீர் என்பர். அத்தகைய நீரிலும் அந்நுளம்பின் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். யாழ்ப்பாணக் கரையோரத்து வீட்டுக் கிணறுகளும் அவ்வாய்வில் அடங்கும். கடல்மட்டம் உயர்ந்து உவர்நீர் உள்ளே ஏறினால் நோயும் உடன் ஏறுமோ என்னும் அச்சம் அதனால் எழுந்தது. நன்னீர் தேங்கிய சிரட்டையையும் பூச்சாடியையும் மட்டும் கவிழ்த்துவிட்டு ஓய்ந்திருத்தல் போதாதென்றும் விளங்கியது. கிணற்றை நம்பி வாழும் குடாநாட்டில் கிணற்றைப் பார்த்ததனால் வந்த கண்டுபிடிப்பு அது.

இப்போது மொழியின் நிலை கிறீன் காலத்துக்கு நேர்மாறாகத் திரும்பியிருக்கின்றது. உடுவிலிலோ மானிப்பாயிலோ ஒரு மாணவி நாடி, நாளம், நரம்பு என்று உயர்தர வகுப்புவரை தமிழிலேயே உயிரியல் கற்கிறாள். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் அடியெடுத்து வைத்ததும் பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றது. முதலாண்டில் அறிவைக்காட்டிலும் மொழியோடு போராடும் மாணவர் உண்டு. உலகத்தோடு உரையாட ஆங்கிலம் வேண்டும் என்பதும் மெய்யே. நுளம்பைப் பற்றிய அக்கட்டுரைகள் ஆங்கிலத்தில் வந்தமையாலன்றோ பிறநாட்டார் அவற்றைப் படித்தனர். ஆயினும் இறுதியாண்டு ஆய்வுக்காகக் குடம்பி அள்ளும் அகப்பையோடு கரையோரத்து வீடொன்றின் படலையைத் திறக்கும் மாணவி, கிணறு எப்போது இறைத்தது, மாரியில் நீர் எவ்வளவு உயரும், கோடையில் உப்புக் கரிக்குமோ என்று வீட்டுக்காரரிடம் தமிழிலேதான் கேட்டறிகிறாள். மாலையில் துறைக்குத் திரும்பி, கேட்டதையும் அள்ளியதையும் ஆங்கிலத்தில் அட்டவணையாக்குகிறாள்.